நாற்பதாவது அட்டை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு அழுகட்டும். செண்பகவல்லி அம்மன் சாட்சி. கரிசல் மண்ணை ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். மழை பொய்த்த வருஷம், மண் கையில் நிற்காமல் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. அதை வைத்து யாரும் சந்தேகப்படக் கூடாது. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஓரிரண்டு இடத்தில் குறைத்திருக்கிறேன், அதுவும் படிக்கிறவர்களில் இருதய நோய்க்காரர்கள் இருந்தால் பாவமே என்றுதான்.

நவநீதகிருஷ்ணன் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு எண்ணைத்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. ஐப்பசி என்று பெயர்தானே ஒழிய வானம் சித்திரை மாதிரி வெளுத்துக் கிடந்தது. தெருவில் நாய்கூட இல்லை. மேலே தகரம் வெயிலில் விரிந்து டிக் டிக்கென்று முனகியது. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டக் காய்ச்சிய பசையின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்து, உள்ளே வந்தபின் எங்கே போவதென்று தெரியாததுபோல அறையிலேயே நின்றது. அவர் தரையில் சம்மணம் போட்டு, முன்னால் மரப்பெட்டியை வைத்துக்கொண்டு, பதினேழாம் எண் அட்டையை வெளியே எடுத்தார். 'தும்பி தாழப் பறந்தால் மூன்றாம் நாள் மழை' என்று நீல மசியில் அவர் எழுதியிருந்தார். அதன் கீழே, சிவப்பில், 'பார்க்க: 12, 23, 40.'

பன்னிரண்டு இருந்தது. இருபத்துமூன்று இருந்தது. நாற்பது கிடையாது. நாற்பதாம் எண்ணில் அவர் அட்டையே எழுதவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நவநீதகிருஷ்ணன் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குமாஸ்தா. மழைக்குறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் வட்டாரத்தில் மழையைவிட மழைக்குறிகள் அதிகம், சரக்கு தட்டுப்பாடில்லை. எறும்பு, ஈசல், மேகம், ஆட்டின் தும்மல் என்று பஸ் டிக்கெட்டிலும் கல்யாணப் பத்திரிகையின் முதுகிலும் வருஷக்கணக்காகக் கிறுக்கி வைத்திருந்தார். எழுத உட்கார்ந்தால் எதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் படித்தார்: மேல்நாட்டில் யாரோ ஒரு பேராசிரியர் அட்டைக்கு ஒரு கருத்தாக எழுதி, மூலையில் எண் போட்டு, இந்தக் கருத்துக்கு அந்தக் கருத்து உறவு என்று அட்டையின் அடியில் எண்களைக் குறித்துக்கொண்டே போனாராம். இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்று தோன்றினால் அதற்கு 21அ என்று பெயர். இப்படியே சேர்ந்துகொண்டு போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பெட்டி தானாகவே பேச ஆரம்பித்துவிடும் என்று கட்டுரையில் போட்டிருந்தது. அலங்காரமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நவநீதகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார்.

ஆபீஸில் அச்சுப் பிசகிய தீப்பெட்டி அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு மான் நிற்க வேண்டிய இடத்தில் நிறம் விலகி மூன்று மான்கள் நிற்கும். அவற்றை ஒரே அளவாக வெட்டி, வெள்ளை முதுகில் எழுதினார். சரக்கில் பாதிக்கு மேல் கொடுத்தது அவர் மனைவி முத்துசெல்வி. குளத்தூர்ப் பக்கம் ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்தே வளர்ந்தவள். நவநீதகிருஷ்ணனும் அதே ஆட்கள்தான். ஆனால் அவர் அப்பா காலத்திலேயே மந்தையை விற்றுவிட்டு ஊருக்குள் வந்துவிட்டதால், அவருக்கு ஆடு என்றால் கறிக்கடையில் தொங்குவதுதான்.

முப்பத்தொன்பது அட்டை சேர்ந்த அன்று, முத்துசெல்வி பாசிப்பயறில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன ஆச்சு?"

"முப்பத்தொம்பது."

"அடுத்ததுல ஒண்ண விட்டுருங்க."

"எதுக்குட்டி?"

"எங்க அய்யா ஆடு எண்ணுதப்போ ஒண்ண எண்ணாம விட்டுருவாவ. முழுசா எண்ணினா மந்தைக்கு ஆவாது."

"விட்டது யாருக்கு?"

"பின்னால வாரவருக்கு."

"அது யாரு, பின்னால வாரவரு?"

"பேரு தெரிஞ்சா பேரச் சொல்ல மாட்டமா? அதுக்குத்தான பின்னால வாரவருங்கோம்." சிரித்தாள். "விட்டுருங்க. விட்டதத் தேடப்படாது, அம்புட்டுத்தான்."

அவருக்கு அது பிடித்திருந்தது. நாற்பதை விட்டுவிட்டு நாற்பத்தொன்றுக்குப் போனார். பெட்டியில் இப்போது நூற்று அறுபத்துமூன்று வரை வந்தாயிற்று.

பதினேழாம் அட்டையை அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் எழுத்துதான். நாலின் கால் கொஞ்சம் வளைந்து தொங்குவது அவருடைய நாலுக்கு மட்டும் உள்ள கோணல். கை தவறி எழுதியிருப்போம் என்று பிளேடால் சுரண்டினார். சுரண்டிய இடம் பஞ்சாக எழும்பி நின்றது. பெட்டியை மூடினார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்ப வந்து திறந்தார். வேறொரு அட்டையை உருவினார். 'செம்மறி மூக்கை மேலே தூக்கி நின்றால்...' அடியில் 'பார்க்க: 9, 40.' சிவப்பு இன்னும் காயவில்லை. பெருவிரலில் ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீஸில் பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்பார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவார். சாப்பாட்டு மணி அடித்தால் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தார் இளகும் வெயிலில் வீட்டுக்கு மிதிப்பார். கதவைத் திறந்ததும் மனைவியைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு கூடியிருக்கும். எங்கிருந்து தொடங்கி எண்களைப் பிடித்துக்கொண்டு போனாலும், ஈசலிலிருந்து மேகத்துக்கும் மேகத்திலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து குருவிக்கும் தாவி, கடைசியில் எல்லாப் பாதையும் நாற்பதுக்கு வந்து நின்றது. நாற்பதில் இடைவெளி. முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவு சந்து. அட்டைகள் நெருங்கி நின்றாலும் அந்தச் சந்து மட்டும் மூடவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஈர ஆட்டு மயிரின் வாடை வந்தது.

ஒரு சாயங்காலம் நாற்பதைக் காட்டுகிற அட்டைகளையெல்லாம் தனியே எடுத்து அடுக்கினார். ரேடியோவில் கேட்டு எழுதியது ஒன்றுகூட அதில் இல்லை. நூலகத்தில் எடுத்ததும் இல்லை. எல்லாம் முத்துசெல்வி சொன்னவை.

அடுக்களையில் அவள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. அது நிற்கிறவரை அவர் மூச்சுவிடவில்லை.

அந்த வாரம்தான் மைத்துனன் கிட்டு வந்தான். நிலத்துக்கு உரமாக ஆட்டுக்கிடை போட மந்தையைக் கடம்பூர்ப் பக்கம் ஓட்டி வந்திருந்தான். கையில் கடம்பூர் போளிப் பொட்டலம், எண்ணெய் கசிந்து பேப்பர் கண்ணாடியாகியிருந்தது.

"என்ன மச்சான், ஒடம்பு வத்திப்போச்சு? அக்கா கஞ்சி ஊத்துதாளா இல்லியா?"

"ஏலே, ஒனக்கு மச்சான் மேலதான் கண்ணு. அக்கா எளச்சது தெரியல," என்றாள் முத்துசெல்வி.

கிட்டு பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். "ஆட்டுக்குக் காது அறுத்து அடையாளம் வைக்க மாதிரி, நீங்க அட்டைக்கு வச்சிருக்கீங்க." நவநீதகிருஷ்ணன் விளையாட்டாகச் சொல்வதுபோல நாற்பதைப் பற்றிச் சொன்னார். கிட்டு போளியை மெல்லுவதை நிறுத்தினான்.

"நீங்க ஆட்ட விட்டீங்களா, எண்ண விட்டீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானடா?"

"எப்படி மச்சான் ஒண்ணாவும்? நாங்க விடுத ஆடு மந்தையிலதான் நிக்கும். எண்ணு மட்டும் அதுக்குக் கெடையாது. வாரவரு பாப்பாரு, நம்ம பங்கு நிக்குன்னு போயிருவாரு. நீங்க எண்ண வச்சிட்டு ஆட்ட வைக்கலியே. எலையப் போட்டுச் சோறு வைக்கலன்னா, வந்தவரு சும்மா எந்திரிச்சுப் போவாரா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரே சமயத்தில் நின்றது. கிட்டு தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆடு தனியாக நிற்கிறது என்று புறப்பட்டான்.

அவன் போனதும் நவநீதகிருஷ்ணன் ஒரு அட்டையை எடுத்து, மூலையில் 40 என்று போட்டு, 'ஒரு வெள்ளாடு, கறுப்பு, கொம்பு சுருண்டது' என்று எழுதிச் சந்தில் செருகினார். மறுநாள் காலையில் பார்த்தால் அட்டை அங்கேயே இருந்தது. எண் 40அ. எலுமிச்சம்பழம் என்று எழுதி வைத்தார். 40ஆ. ஒரு கோட்டை நெல். 40இ. தன் சைக்கிளையே எழுதி வைத்தார், அதில் இரண்டு தவணை பாக்கி இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு 40ஈ ஆக்கிற்று. எதை வைத்தாலும் அது நாற்பதுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றதே தவிர, நாற்பதில் நிற்கவில்லை. முன்னால் சந்து அப்படியே திறந்திருந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவது என்று கொல்லைப்புறம் கொண்டுபோனார். ஆபீஸ் தீப்பெட்டி, புதுச் சரக்கு. ஒரு பெட்டிக் குச்சியையும் கிழித்தார். கோவில்பட்டியில் கிழித்து ஒரு குச்சிகூடப் பற்றவில்லை என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதலாளிமார் மன்னிக்க வேண்டும்.

பிறகு பால்.

பெருமாயி அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். அன்று காலை முத்துசெல்வி செம்பை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் பின்னால் நவநீதகிருஷ்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். முத்துசெல்வி நீட்டிய செம்பை விட்டுவிட்டுப் பெருமாயி அவரைப் பார்த்தாள்.

"பாத்திரத்தக் கொண்டாங்க அண்ணாச்சி."

"அதான் அவ நீட்டுதாள்லா?"

"எங்கன?" பெருமாயி வாசலைப் பார்த்தாள். முத்துசெல்வி நிற்கிற இடத்தைத்தான் பார்த்தாள், ஆனால் அவளுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிற பார்வை. "வெளாட்டுதான். இனிமே கால் லிட்டரே போதும்லா? ஒத்தக்கட்டைக்கு எதுக்கு அரை லிட்டரு?"

அவர் வாயில் பற்பொடி நுரை கசந்தது. பெருமாயி போனபின் முத்துசெல்வி செம்பைக் கீழே வைத்தாள். "கெழவிக்குக் கண்ணு போச்சு," என்றாள். பிறகு மெதுவாக, "நேத்து கண்ணாடி பாத்துப் பொட்டு வச்சேன்," என்றாள். "பொட்டு தெரிஞ்சுது. நெத்தி தெரியல."

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டா வாங்கினார். கடைக்காரன் எத்தனை பேருக்கு என்று கேட்டான். "ஒருத்தருக்கு," என்றார். பொட்டலத்தை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, தனி ஆளுக்கு வீடு எதற்கு, ஏதாவது லாட்ஜில் மாத வாடகைக்கு ரூம் பார்க்கலாமே என்று யோசித்தபடி இலேசாக மிதித்துக்கொண்டு போனார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார். ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் நகரவில்லை. தனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் என்பது, யாருடைய வீட்டு விஷயமோ போல, அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

அந்த நாற்பது அவளை மட்டும் எடுக்கவில்லை. அவள் இருந்த இடத்தையும் கூடவே துடைத்துக்கொண்டு போகிறது. அவர் மறந்துவிட்டால் அவளைத் தேடவும் ஆளிருக்காது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கடம்பூர் ரோட்டில் கிடையைத் தேடிப் போனார். நிஜமான ஆட்டையே வாங்கிவந்து வீட்டில் கட்டிவிட்டால், அதை எண்ணாமல் விட்டுவிட்டால், கணக்கு சரியாகிவிடும். வெயில் நேர் மேலே. நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருந்தது. பருத்திக் காட்டில் மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளுக்குள் இருட்டு நின்றது. மந்தை ஒரு உடைமரத்தடியில் தலை கவிழ்ந்து வட்டமாக நின்றது. கிட்டு கம்பின்மேல் சாய்ந்திருந்தான்.

"கிட்டு!"

அவன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். "யாரு, தண்ணி வேணுமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி.

நவநீதகிருஷ்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். "ஏலே, நான்தாம்ல. ஒன் அக்கா மாப்பிள்ள."

கிட்டு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. வெயிலில் மூளை கலங்கிய ஆளிடம் சிரிக்கிற மரியாதையான சிரிப்பு. "எனக்கு ஏது அண்ணாச்சி அக்கா? எங்க அம்மைக்கு நான் ஒத்தப் பிள்ளை. நெழல்ல உக்காருங்க. மோரு இருக்கு."

"போன வாரம் போளி வாங்கிட்டு வந்தியடா..."

"ஆளு மாறி வந்துட்டீங்க."

"சரி. ஒரு ஆடு குடு. என்ன வெலைன்னாலும் சரி."

ஆடுகள் தலையைத் தூக்கின. ஒவ்வொன்றாக இல்லை. மொத்தமாக. அவை நவநீதகிருஷ்ணனைப் பார்க்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் பின்னால், ஆள் உயரத்துக்கு மேலே பார்த்தன. கிட்டுவும் அங்கே பார்த்தான். பார்த்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான், பெரியவர் யாரோ வந்ததுபோல.

"ஒங்க பங்க நீங்கதான் குடுக்கணும்," என்றான், தரையைப் பார்த்து. "எங்க மந்தையில கேக்காதீங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்தார். மிதித்தார். பின்னால் காய்ந்த மண்ணில் குளம்புச் சத்தம் வந்தது. ஒரே ஒரு ஜோடி. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது.

வீட்டில் கரண்ட் இல்லை. மின்விசிறி நின்ற அறையில், சுவரோரம் முத்துசெல்வி உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை, கடுகு நிறக் கரை. அவளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. எங்கே போய்விட்டு வருகிறார் என்பதை அவள் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"தம்பி என்ன சொன்னான்?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

அவள் ஒரு கடலையை உடைத்தாள். பருப்பை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "எண்ணின ஆட்ட அவரு தொட மாட்டாரு," என்றாள். "எங்க அய்யா சொல்லுவாவ. என்னைய எண்ணிருங்க."

"என்னட்டி?"

"எனக்கும் ஒரு நம்பரப் போட்டுப் பெட்டியில வைங்க. நூத்தி அறுவத்திநாலு. நம்ம ஆளுன்னு எழுதிப் போடுங்க. அப்புறம் எப்படித் தொடுவாரு?"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாளும் இது தோன்றவில்லையே. அட்டையை எடுத்தார். பேனாவை எடுத்தார். ஒரு யோசனை வந்து, அவள் முந்தானையை இழுத்துத் தன் இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"கன்னுக்குட்டியக் கட்டுதீங்களா?" என்றாள்.

"சும்மா இரு."

எழுதினார். முத்துசெல்வி, என் பெண்டாட்டி. இடது புருவத்தில் தழும்பு, ஆடு முட்டியது. தூங்கும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொள்வாள். காப்பியில் சர்க்கரை கூடிவிட்டால் எனக்குத் தந்துவிட்டு என் டம்ளரை எடுத்துக்கொள்வாள். மழை வருமுன் அவளுக்கு முழங்கை வலிக்கும். தும்பியைவிட அதுதான் சரியாக இருக்கும். எழுத எழுத நினைவு வந்தது. மறந்துபோனதெல்லாம் ஊற்றுக்கண் திறந்ததுபோல வந்தது. இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினார். சுற்றிலும் ஓரத்தில் எழுதினார். அவள் கடலை உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டப். டப். மணிக்கட்டில் துணி வெதுவெதுப்பாக இருந்தது.

"எழுதிட்டீங்களா?"

"இந்தா, முடிஞ்சுது."

"என்னல்லாம் எழுதினீங்க?"

"எல்லாம்."

அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊதி உலர்த்தினார். கடைசி வரி. நடு வரி. முதல் வரி. மேலே மூலை.

40.

அவர் எழுத்து. வளைந்து தொங்குகிற நாலு. மசி இன்னும் ஈரம்.

கடலைச் சத்தம் நின்றது.

பெட்டியில் அட்டைகள் சரசரவென்று ஒதுங்கின. பட்டியின் வாசல்படலைத் திறந்ததும் மந்தை இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிடுமே, அந்தச் சத்தம். கையிலிருந்த அட்டை வழுக்கியது. எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. ஈர மயிர் வாடை. ஆட்டுப்புழுக்கை. பழைய மழை.

"செல்வி," என்றார்.

மணிக்கட்டில் முடிச்சு இறுகியது. துணி விறைத்தது. அவர் சுவரோரம் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார். அது போகிற வழியைப் பார்த்தார். பச்சைச் சேலை அவர் கையிலிருந்து தரையில் இறங்கி, கடலைத் தோல்களின் மேல் ஊர்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பாமல், நேராகப் பெட்டிக்குப் போயிற்று. விளிம்பில் ஏறியது. முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் இறங்கியது. உள்ளே யாரோ முழம் போட்டு அளந்து வாங்குவதுபோல, ஒரு முழம் இழுத்து, நின்று, அடுத்த முழம் இழுத்தார்கள். அவசரம் இல்லை. அட்டைகள் புடைக்கவில்லை. பெட்டி அசையவில்லை. கடலைத் தோல்கள் மட்டும் துணியோடு நகர்ந்து வந்து, விளிம்பில் தட்டி, ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன. வெகு ஆழத்தில், பெட்டியின் அடியைத் தாண்டி, கரிசலின் வெடிப்புகளுக்கும் கீழே, ஆட்டை ஓட்டுகிறவர்கள் நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. இன்னொரு முழம் போயிற்று. கரை வந்தது. அவர் கை பெட்டியை நோக்கி நீண்டது.

கோவில்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்: நவநீதகிருஷ்ணன் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.